படை அனுப்பாத நாட்டுக்கும் போர்ப் பொறுப்பு உண்டா?

ஒரு நாடு தன் வீரர்கள் எவரையும் களத்துக்கு அனுப்பவில்லை. ஆனால் போரிடும் தரப்புக்கு ஆயுதம் விற்கிறது, பணம் தருகிறது, உளவுத் தகவல் பகிர்கிறது. அந்த உதவியைக் கொண்டு பொதுமக்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டால், உதவிய நாட்டுக்குச் சர்வதேசச் சட்டப்படி பொறுப்பு உண்டா, அல்லது அது மனசாட்சி சார்ந்த கேள்வி மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுப்பு உண்டு. ஆனால் அது எந்தக் கணத்தில் தொடங்குகிறது, எதைக் கொண்டு அளக்கப்படுகிறது, எந்த மன்றத்தில் அதற்காக வழக்காட முடியும் என்பவை மூன்று வேறு வேறு கேள்விகள். இவற்றுள் மூன்றாவதற்குச் சாதகமான விடை இல்லை என்பதைக் காட்டி, முதலிரண்டுக்கும் விடை இல்லை என்று நம்பவைப்பது வெளியுறவு அமைச்சகங்களின் நெடுநாள் வழக்கம். ஆகவே ஒவ்வொன்றையும் தனியே பார்ப்பது நல்லது.

அதற்கு முன் ஒரு தெளிவு தேவை. ஒரு போரைத் தொடங்கியது நியாயமா என்று கேட்கும் சட்டம் வேறு. தொடங்கிய போர் எப்படி நடத்தப்படுகிறது என்று கேட்கும் சட்டம் வேறு. ஐ.நா. சாசனத்தின் 51ஆம் பிரிவு, தாக்கப்பட்ட நாடு தன்னைக் காத்துக்கொள்ளவும், அதற்குப் பிற நாடுகள் துணைநிற்கவும் உரிமை அளிக்கிறது. 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச் சபை 141 வாக்குகளுடன் ரஷ்யாவின் படையெடுப்பைக் கண்டித்தபோது, உக்ரைனுக்கு ஆயுதம் தருவது அந்த வகையில் சட்டப்படியானது என்று பல நாடுகள் கருதியதற்கு வலுவான அடிப்படை இருந்தது. ஆனால் தாக்கப்பட்ட நாடு என்பதால் அது போர்க்கைதிகளை வதைக்கவோ மருத்துவமனைகளைத் தாக்கவோ உரிமை பெற்றுவிடுவதில்லை. அதற்கு ஆயுதம் தருகிறவர்களும் அந்தக் கேள்வியிலிருந்து விலக்குப் பெறுவதில்லை. நண்பனின் போர் நியாயமானது என்று நிறுவிவிட்டால் நண்பனின் நடத்தையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்ற எண்ணம், நான் கண்டவரை, இத்துறையில் மிகப் பரவலான குழப்பம். எல்லா முகாம்களிலும் அது இருக்கிறது.

நடத்தை குறித்த சட்டத்தின் தாய்வேர் 1949ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா ஒப்பந்தங்கள். உலகின் ஏறத்தாழ எல்லா நாடுகளும் அவற்றை ஏற்றிருக்கின்றன. நான்கிலும் முதல் பிரிவு ஒன்றேதான்: உறுப்பு நாடுகள் இந்த ஒப்பந்தத்தை எல்லாச் சூழல்களிலும் மதிப்பதாகவும், மதிக்கப்படுவதை உறுதிசெய்வதாகவும் உறுதியளிக்கின்றன. ‘மதிக்கப்படுவதை உறுதிசெய்வது’ என்பது தன் படைகளையும் தன் மக்களையும் மட்டும் குறிக்கிறதா, பிற நாடுகளின் நடத்தையையும் குறிக்கிறதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. பிற நாடுகளையும் குறிக்கிறது என்பது செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு நெடுங்காலமாக எடுத்துவரும் நிலைப்பாடு. அமெரிக்கா இதை இவ்வளவு விரிவாகப் படிக்க மறுக்கிறது. நாடுகளுக்கிடையிலான வழக்குகளை விசாரிக்கும் ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றமோ, பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேல் கட்டிய சுவர் குறித்து 2004இல் அளித்த ஆலோசனைக் கருத்தில், மோதலில் பங்கேற்காத நாடுகளுக்கும் இந்தக் கடமை உண்டு என்று இப்பிரிவைக் கொண்டே சொன்னது. எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக இதை வெறும் ஆய்வாளர் விவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்தக் கடமையின் கீழ்வரம்பு என்ன என்பதை 1986ஆம் ஆண்டின் நிகரகுவா வழக்கு காட்டுகிறது. நிகரகுவா அரசை எதிர்த்துப் போரிட்ட கான்ட்ரா படைகளுக்கு அமெரிக்கா பணமும் ஆயுதமும் பயிற்சியும் தந்தது. அந்தப் படைகள் செய்த கொடுமைகள் அனைத்தையும் அமெரிக்காவின் செயல்களாகவே கருத வேண்டும் என்று நிகரகுவா வாதிட்டது. சர்வதேச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: குறிப்பிட்ட மீறல்கள் நடந்த நடவடிக்கைகளின் மேல் அமெரிக்காவுக்குச் செயலளவிலான கட்டுப்பாடு இருந்ததாக நிறுவப்பட வேண்டும், பண உதவியும் பயிற்சியும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அவை மட்டும் போதா. வழங்கும் நாடுகள் இன்றுவரை பற்றிக்கொள்ளும் பகுதி இதுதான். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு பகுதியும் இருக்கிறது. கான்ட்ராக்களுக்காக அமெரிக்க உளவு அமைப்பு தயாரித்து 1983இல் பரப்பிய ஒரு கையேடு, அரசு அதிகாரிகளை ‘அகற்றுவது’ போன்ற செயல்களுக்கு வழிகாட்டியது. கொலையைச் செய்தவர்கள் வேறு யாராக இருந்தாலும், மனிதாபிமானச் சட்டத்துக்கு முரணான செயல்களை ஊக்குவித்தது அமெரிக்காவின் சொந்தத் தவறு என்று நீதிமன்றம் தீர்த்தது. மேலும், ஜெனீவா ஒப்பந்தங்கள் மதிக்கப்படுவதை உறுதிசெய்யும் கடமை ஒப்பந்தத்திலிருந்து மட்டுமல்லாமல் மனிதாபிமானச் சட்டத்தின் பொதுக் கோட்பாடுகளிலிருந்தும் பிறக்கிறது என்றும் சொன்னது.

ஆகவே இரண்டு கதவுகள் இருக்கின்றன. முதலாவது, மற்றவர் செய்த குற்றம் உன் குற்றமாகவே எண்ணப்படுமா என்பது. அந்தக் கதவு மிகக் குறுகியது. இரண்டாவது, மற்றவர் குற்றம் செய்யும்போது நீ செய்ததும் செய்யத் தவறியதும் தனியே ஒரு தவறாகுமா என்பது. அது அகலமானது, அரசுகள் பேச விரும்பாததும் அதுதான்.

இரண்டாவது கதவை முழுதாகத் திறந்த தீர்ப்பு 2007 பிப்ரவரியில் அதே சர்வதேச நீதிமன்றத்திலிருந்து வந்தது. போஸ்னியா, செர்பியாவின் மேல் தொடுத்த இனப்படுகொலை வழக்கு அது. 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் போஸ்னிய செர்பியப் படைகளால் கொல்லப்பட்டது இனப்படுகொலை என்று நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால் செர்பியா அதைச் செய்ததாகவோ அதற்கு உடந்தையாக இருந்ததாகவோ நிறுவப்படவில்லை என்றது. பாதிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு அது எத்தனை கசப்பாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தும், தடுக்கத் தவறியதற்காக செர்பியா குற்றமுடையது என்று அதே தீர்ப்பு சொன்னது. இனப்படுகொலை ஒப்பந்தத்தின் முதல் பிரிவில் தடுப்பதற்கான கடமை எழுதப்பட்டிருக்கிறது. 1948 முதல் பெரும்பாலும் ஓர் அலங்காரச் சொல்லாகவே கருதப்பட்ட அதற்கு நீதிமன்றம் உள்ளடக்கம் தந்தது. கடுமையான அபாயம் இருப்பதை ஒரு நாடு அறிந்த கணத்திலோ, சாதாரணமாக அறிந்திருக்க வேண்டிய கணத்திலோ அந்தக் கடமை எழுகிறது. குற்றம் செய்யக்கூடியவர்களின் மேல் அந்த நாட்டுக்கு உள்ள செல்வாக்கே கடமையின் அளவைத் தீர்மானிக்கிறது: புவியியல் நெருக்கம், அரசியல் உறவு, இராணுவ உதவி ஆகியவை எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். தடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை; தன் கைக்கு எட்டிய எல்லா வழிகளையும் பயன்படுத்தினாயா என்றே கேட்கிறது. நாங்கள் முயன்றிருந்தாலும் அது நடந்திருக்கும் என்ற பதில் ஏற்கப்படாது.

இதில் கவனிக்க வேண்டியது, உதவியின் சட்ட விளைவு தலைகீழாக மாறுகிறது என்பது. நாங்கள் அந்த நாட்டின் நெருங்கிய நண்பர்கள், அதன் ஆயுதங்களில் பெரும்பகுதி எங்களுடையது என்று ஓர் அரசு பெருமையாகச் சொல்லும்போது, தன் செல்வாக்கின் அளவையும் அதனால் தன் கடமையின் அளவையும் தானே பதிவுசெய்கிறது. தொலைவில் இருக்கும் சிறிய நாட்டுக்கும் இக்கடமை உண்டு. ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் வழிகள் குறைவு. நெருங்கிய கூட்டாளிக்கு வழிகள் அதிகம், ஆகவே சாக்குகள் குறைவு.

இனப்படுகொலை என்ற மிக உயர்ந்த வரம்பை எட்டாத மீறல்களுக்கு, அரசுப் பொறுப்பு குறித்து ஐ.நா. சர்வதேசச் சட்ட ஆணையம் 2001இல் தொகுத்த விதிகளின் 16ஆம் பிரிவு பொருந்தும். சட்டவிரோதச் செயலுக்கு அதன் சூழலை அறிந்துகொண்டே உதவுகிற நாடு, அந்த உதவிக்குப் பொறுப்பாகும். இது ஒப்பந்தமாக நிறைவேறவில்லை என்றாலும், வழக்காற்றுச் சட்டத்தை, அதாவது நாடுகளின் நெடுநாள் நடைமுறையால் எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டத்தை, பிரதிபலிக்கிறது என்று 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பே ஏற்றது. ‘அறிந்துகொண்டே’ என்றால் என்ன? அந்தக் குற்றம் நடக்க வேண்டும் என்ற நோக்கமும் வேண்டுமா? இங்கே சட்டவியலாளர்கள் பிரிந்து நிற்கிறார்கள். தனிமனிதக் குற்றப் பொறுப்பிலும் இதே தடுமாற்றம் நடந்தது. சியரா லியோனின் கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதமும் பிற உதவிகளும் தந்த லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்ல்ஸ் டெய்லருக்குச் சியரா லியோனுக்கான சிறப்பு நீதிமன்றம் 2012இல் 50 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. 2013இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. அதே 2013இல், போஸ்னிய செர்பியப் படைகளுக்கு உதவிய யூகோஸ்லாவிய இராணுவத் தளபதி மொம்சிலோ பெரிசிச்சை, அந்த உதவி குற்றங்களை நோக்கித் தனியே இயக்கப்பட்டதாக நிறுவப்படவில்லை என்று சொல்லி யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு அமர்வு விடுவித்தது. அடுத்த ஆண்டே அதே தீர்ப்பாயத்தின் வேறோர் அமர்வு அந்த அளவுகோலை நிராகரித்தது. ஒரே உண்மைகளைத் தராசில் வைத்தாலும் எந்தத் தராசு என்பதைப் பொறுத்து முடிவு மாறிய காலம் அது. என் கருத்தில், அறிவு போதும் என்ற வாசிப்பே சரி. குற்றத்தை விரும்பி ஆயுதம் தருகிற அரசு அரிது. விற்பனையை விரும்பி, குற்றத்தைப் பொறுத்துக்கொள்கிற அரசே வழக்கம். நோக்கத்தைக் கேட்டால் இந்தச் சட்டம் பிடிக்க வேண்டிய எதையும் பிடிக்காது.

இந்தச் சிக்கலை முன்கூட்டியே தீர்ப்பதற்காக வந்ததுதான் ஆயுத வர்த்தக ஒப்பந்தம். 2013 ஏப்ரல் 2 அன்று ஐ.நா. பொதுச் சபையில் நிறைவேறி, 2014 டிசம்பர் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. ஈரானும் வட கொரியாவும் சிரியாவும் எதிர்த்தன. இந்தியா, சீனா, ரஷ்யா உள்ளிட்டவை வாக்களிக்காமல் ஒதுங்கின. சீனா 2020இல் சேர்ந்துகொண்டது. அமெரிக்கா கையெழுத்திட்டும் இறுதிவரை உறுதிசெய்யாமல், 2019இல் பின்வாங்குவதாக அறிவித்தது. இதன் 6ஆம் பிரிவு, இனப்படுகொலைக்கோ மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்கோ குறிப்பிட்ட போர்க்குற்றங்களுக்கோ பயன்படும் என்று அனுமதி தரும் நேரத்தில் தெரிந்திருந்தால், ஏற்றுமதியை முற்றாகத் தடைசெய்கிறது. அவ்வளவு தெளிவு இல்லாத நிலையில் 7ஆம் பிரிவு பேசுகிறது: மனிதாபிமானச் சட்டத்தையோ மனித உரிமைச் சட்டத்தையோ கடுமையாக மீறுவதற்கு இந்த ஆயுதம் பயன்படக்கூடுமா என்று ஏற்றுமதி செய்யும் நாடு முன்கூட்டியே மதிப்பிட வேண்டும், குறைக்க முடியாத மேலோங்கிய அபாயம் இருந்தால் அனுமதி மறுக்க வேண்டும். நடந்துமுடிந்த குற்றத்துக்குப் பின்னால் ஓடுவதை விட்டு, வரப்போவதைக் கணக்கிடச் சொல்வதே இதன் வலிமை. கணக்கைப் போடுவது விற்கிறவரே என்பது இதன் பலவீனம்.

அந்தப் பலவீனம் எப்படிச் செயல்படுகிறது என்பதற்கு பிரிட்டனில் நடந்த வழக்கைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஏமனில் 2015 முதல், பிரிட்டன் ஆயுதம் விற்றுவந்த சவூதியின் தலைமையிலான கூட்டணி நடத்திய வான்தாக்குதல்களில் சந்தைகளும் இறுதிச்சடங்குக் கூட்டமும் தாக்கப்பட்டதை ஐ.நா. வல்லுநர்கள் ஆவணப்படுத்தியிருந்தார்கள். கடுமையான மீறலுக்குப் பயன்படக்கூடிய தெளிவான அபாயம் இருந்தால் ஆயுத ஏற்றுமதிக்கு உரிமம் தரக்கூடாது என்பது பிரிட்டன் அரசே வகுத்துக்கொண்ட விதி. 2019 ஜூன் 20 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆராய்ந்தபோது வெளிப்பட்டது இதுதான்: கடந்தகாலத் தாக்குதல்களில் மீறல் நடந்ததா இல்லையா என்று அமைச்சர்கள் எந்த முடிவுக்கும் வரவில்லை, வர முயலவும் இல்லை. ஆயுதம் தர ஆயத்தமாக இருந்த அரசிடம் தரவு இல்லாமல் இல்லை. தாக்குதல்கள் பற்றிய தகவல்கள் குவிந்திருந்தன. அவற்றிலிருந்து ஒரு முடிவைத் தாளில் எழுதும் வேலையை மட்டும் அது செய்யவில்லை. இந்த அணுகுமுறை பகுத்தறிவுக்கு ஒவ்வாதது, ஆகவே சட்டவிரோதமானது என்று நீதிமன்றம் தீர்த்தது. புது உரிமங்கள் நிறுத்தப்பட்டன. 2020 ஜூலையில் அரசு மறுபரிசீலனையை முடித்து, கவலைக்குரிய நிகழ்வுகள் இருந்தாலும் அவை தனித்தனியானவை, ஒரு போக்கைக் காட்டவில்லை என்று சொல்லி விற்பனையைத் தொடர்ந்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது.

இதிலிருந்து நான் பெறும் முடிவு ஒன்று உண்டு. உங்கள் கேள்விக்கு நான் தரும் விடையின் மையமும் அதுவே. இச்சட்டம் முழுதும் ‘அறிந்திருந்தாயா’ என்ற ஒரு கேள்வியின் மேல் நிற்கிறது. எனவே பொறுப்பிலிருந்து தப்ப எளிய வழி, அறியாமல் இருப்பதற்கு ஓர் அலுவலக நடைமுறையை உருவாக்கிக்கொள்வது. நிகழ்வுகளைத் தொகுப்பார்கள், ஆனால் தீர்மானிக்க மாட்டார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்ப்பார்கள், சேர்த்துப் பார்க்க மாட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட நாடே நடத்தும் விசாரணையின் முடிவுக்காகக் காத்திருப்பார்கள், அது வராதபோது சான்று இல்லை என்பார்கள். ‘சாதாரணமாக அறிந்திருக்க வேண்டிய’ என்ற 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சொற்கள் இந்த உத்திக்கு எதிராகவே பயன்பட வேண்டியவை.

நெதர்லாந்தில் அந்தப் பாதையில் ஓரளவு முன்னேற்றம் நடந்தது. வூன்ஸ்ட்ரெக்ட் விமானத் தளத்தில் இருக்கும் கிடங்கிலிருந்து எஃப்-35 போர்விமானங்களின் உதிரிப்பாகங்கள் பல நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் சென்றுவந்தன. 2016இல் தரப்பட்ட காலவரையற்ற அனுமதி அது. அதை மீண்டும் மதிப்பிட வேண்டியதில்லை என்று அரசு வாதிட்டது. 2024 பிப்ரவரி 12 அன்று ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம், காஸாவில் மனிதாபிமானச் சட்டம் கடுமையாக மீறப்படுவதற்குத் தெளிவான அபாயம் இருப்பதாகக் கண்டு, இஸ்ரேலுக்கான ஏற்றுமதியை ஏழு நாட்களுக்குள் நிறுத்தச் சொன்னது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அந்த முடிவை எடுக்க வேண்டியது நீதிமன்றமன்று, அரசே என்று கூறி, அனுமதியைச் சரியான அளவுகோலில் மறுமதிப்பீடு செய்ய அரசுக்கு ஆறு வாரக் கெடு வைத்தது. அதுவரை தடை நீடித்தது. இத்தீர்ப்பு பின்வாங்கல் என்று சிலர் ஏமாற்றம் அடைந்தார்கள். ஒருமுறை தந்த அனுமதி நிரந்தரமானது என்ற வாதம் அங்கே உயிர்பெறவில்லை என்பதை நான் அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். போர் மாறும்போது அபாயமும் மாறுகிறது. கையெழுத்திட்ட நாளின் அறிவை மட்டும் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் கழித்து நடப்பதற்குக் கண்மூட முடியாது.

இனி மூன்றாவது கேள்வி: எங்கே வழக்காடுவது? இங்கேதான் சட்டம் நொண்டுகிறது. சர்வதேச நீதிமன்றம், இரு நாடுகளும் ஏதோ ஒரு வகையில் சம்மதித்திருந்தால் மட்டுமே விசாரிக்கும். சூடானின் டார்ஃபூர் பகுதியில், அந்நாட்டு அரசுப் படையுடன் போரிடும் ஆர்.எஸ்.எஃப். துணைப்படைக்கு ஆயுதம் தந்து இனப்படுகொலைக்கு உடந்தையாக இருப்பதாக ஐக்கிய அரபு அமீரகத்தின் மேல் சூடான் தொடுத்த வழக்கு, 2025 மே 5 அன்று பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. அமீரகம் குற்றச்சாட்டை மறுத்தது என்றாலும், வழக்கு முடிந்தது அதனால் அன்று: இனப்படுகொலை ஒப்பந்தத்தில் சேரும்போதே, நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் 9ஆம் பிரிவை அது ஒதுக்கிவைத்திருந்தது. ஆயுதம் போனதா இல்லையா என்ற கேள்வியை நீதிமன்றம் தொடவே இல்லை. இஸ்ரேலுக்கு ஆயுதம் தருவதற்காக ஜெர்மனியின் மேல் நிகரகுவா தொடுத்த வழக்கிலும், 2024 ஏப்ரல் 30 அன்று இடைக்கால ஆணை மறுக்கப்பட்டது. ஆனால் வழக்கைத் தள்ளுபடி செய்யாமல், மோதலில் இருக்கும் தரப்புகளுக்கு ஆயுதம் தருவது குறித்த கடமைகளை எல்லா நாடுகளுக்கும் நீதிமன்றம் நினைவூட்டியது. தீர்ப்புக் கிடைத்தாலும் அதைச் செயல்படுத்துவது பாதுகாப்புச் சபை. 1986 தீர்ப்பை நிறைவேற்றக் கோரிய வரைவை அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா தன் வீட்டோவால் நிறுத்தியது.

ஆகவே நாடுகளுக்கிடையிலான மன்றங்களைவிட, உள்நாட்டு நீதிமன்றங்களும் நாடாளுமன்றக் குழுக்களும்தான் இன்று இந்தச் சட்டத்துக்குப் பல் தருகின்றன. கடுமையான மனித உரிமை மீறல் செய்ததாக நம்பத்தக்க தகவல் இருக்கும் வெளிநாட்டுப் படைப்பிரிவுக்கு உதவி தரக்கூடாது என்று சொல்லும் லேஹி சட்டம் அமெரிக்காவில் 1997 முதல் வெவ்வேறு வடிவங்களில் இருக்கிறது. ஒரு நாட்டையே கைவிடாமல் குறிப்பிட்ட படைப்பிரிவை விலக்க இடம் தருவதால் அது நடைமுறைக்கு உகந்தது. நெருங்கிய கூட்டாளிகளுக்கு அது எவ்வளவு தயங்கித் தயங்கிப் பயன்படுத்தப்படுகிறது என்பதும் தெரிந்ததுதான்.

நாங்கள் விற்காவிட்டால் வேறொருவர் விற்பார் என்ற வாதத்தையும் குறிப்பிட்டிருந்தீர்கள். சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. 16ஆம் பிரிவு உன் உதவியைப் பற்றிக் கேட்கிறது, சந்தையின் நிலையைப் பற்றியன்று. உண்மையிலும் அது தோன்றும் அளவுக்கு வலுவானதில்லை. நவீன போர்விமானத்தை வாங்கிய நாடு உதிரிப்பாகம், மென்பொருள், பராமரிப்பு, குண்டுகள் என்று பல பத்தாண்டுகளுக்கு விற்றவரையே சார்ந்திருக்கிறது; வேறு கடைக்கு ஒரே நாளில் மாறிவிட முடியாது. விற்பனையை நிறுத்தினால் செல்வாக்கை இழப்போம் என்ற இன்னொரு வாதத்தை நான் கூடுதல் மரியாதையுடன் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் சில நேரங்களில் அது உண்மை. ஆனால் அப்படிச் சொல்கிற அரசிடம், அந்தச் செல்வாக்கை இதுவரை எப்போது, எதற்காகப் பயன்படுத்தினீர்கள், என்ன மாறியது என்று கேட்க வேண்டும். 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, பயன்படுத்தாத செல்வாக்கு அரசுக்கு எதிரான சான்றாகவே நிற்கும்.

உங்கள் நாட்டின் ஆயுத ஏற்றுமதியையோ இராணுவ உதவியையோ குறித்து நாடாளுமன்ற உறுப்பினரிடமோ தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகவோ கேட்கப்போகிறீர்கள் என்றால், மீறல் நடந்ததா என்று பொதுவாகக் கேட்காதீர்கள்; கவலையுடன் கவனித்துவருகிறோம் என்ற பதில்தான் வரும். பெறும் நாட்டின் கடந்தகால நடத்தை பற்றி எழுத்தில் முடிவு எடுக்கப்பட்டதா, எந்தத் தேதியில், எந்த அளவுகோலின்படி, உரிமம் தந்த பிறகு எத்தனை முறை அது மறுபரிசீலிக்கப்பட்டது, ஆயுதம் உண்மையில் எந்தப் படைப்பிரிவுக்குப் போனது என்று சரிபார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். பாதுகாப்புக் காரணம் சொல்லி உள்ளடக்கத்தை மறைத்தாலும், முடிவு என்று ஒன்று எடுக்கப்பட்டதா இல்லையா என்பதை மறைப்பது கடினம். 2019இல் லண்டனில் வழக்கின் திசையை மாற்றியது, அப்படி ஒரு முடிவு எந்தக் கோப்பிலும் இல்லை என்பதுதான்.